வரியிலிட்ட பெயர்கள்

முதலாம் ராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். தஞ்சாவூர் மாளிகையில் இருந்தபடி அவன் அதை வாய்மொழியாகத்தான் சொன்னான். ஓலை எழுதுகிறவன் எழுதினான். மேலதிகாரிகள் ஒப்பிட்டார்கள். வரிக்கணக்கு வைத்திருந்தோர் அதைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். பிறகு நாட்டார் பெண் யானை ஒன்றை முன்னே நடக்கவிட்டு, ஊரின் எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். ராஜராஜனின் மறைவுக்குப் பிறகு அவன் மகன் ராஜேந்திரன் அவையனைத்தையும் செப்பேட்டில் வெட்டுவித்தான். பின்னாளில் டச்சுக்காரர் வழியாக லெய்டன் வரை சென்ற அந்தச் செப்பேடுதான் இன்று வரலாற்றாசிரியருக்குச் சான்று. மூல ஓலை ஒன்றுகூட எஞ்சவில்லை.

ஒரு நிறுவனம் தன் காகிதக் கட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது நாம் அதைப் புதியதொரு செயல் என்று கருதுகிறோம். காவிரிப் படுகையைப் பொறுத்தவரை, ஓர் எழுதுபொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஆவணம் பெயர்வது ஆயிரமாண்டுப் பழக்கம். சொல்லிலிருந்து ஓலைக்கு, ஓலையிலிருந்து செம்புக்கும் கல்லுக்கும், மீண்டும் ஓலைக்கு, ஓலையிலிருந்து காகிதத்துக்கு, இப்போது காகிதத்திலிருந்து திரைக்கு. சோழர் கல்வெட்டுகள் கணக்கில் பதிவதை 'வரியிலிடுதல்' என்கின்றன. ஒவ்வொரு பெயர்ச்சியின்போதும் யாருடைய பெயர் வரியில் இடப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்ற கேள்வி எழுகிறது. திருத்துறைப்பூண்டி வட்டத்தின் நில ஆவணங்களை முன்வைத்து அந்தக் கேள்வியைத் தொடர்ந்து பார்க்கலாம்.

செப்பேட்டுக்குப் பிந்தைய கதையில் முதலில் நிற்பது மராட்டியர் காலம். தஞ்சை மராட்டிய அரசின் அன்றாட நிர்வாகக் குறிப்புகள் மராத்தி மொழியில், மோடி எழுத்தில் எழுதப்பட்டன. கையை எடுக்காமல் விரைந்து எழுதுவதற்கென்று வளர்ந்த எழுத்து அது. 1799இல் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1855இல் கடைசி மன்னர் சிவாஜி வாரிசின்றி இறந்தார். மோடியைப் படிக்கத் தெரிந்தவர் தொகை மெல்லக் குறைந்தது. மூட்டை மூட்டையாகக் காகிதம் இருந்தது. படிக்க ஆளில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பிறகுதான் பொதுவாசகருக்கு அந்த உலகம் ஓரளவேனும் திறந்தது. ஆவணம் அழியாமல் இருப்பதும் அது படிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இந்தப் பகுதியில் இல்லை.

கம்பெனி ஆட்சியில் பைமாஷ் என்னும் பழைய அளவைக் கணக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிவியல்முறை நில அளவையும் புதிய வரித்திட்டமும் வந்தன. பைமாஷ் எண்கள் போய்ப் புல எண்கள் வந்தன. வேலி, மா, குழி என்று பேசிக்கொண்டிருந்த நிலம் ஏக்கர், சென்ட் என்று எழுதப்பட்டது. வயலில் நிற்பவர் இன்றும் மூன்று மாவை ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டுத்தான் பேசுகிறார். காகிதம் அதன் பிறகும் ஒருமுறை மாறி ஹெக்டேருக்கும் ஏருக்கும் சென்றுவிட்டது. பழைய தமிழ் எண்களும் முந்திரி, காணி என்ற பின்னங்களும் பள்ளிப் பாடத்திலிருந்து மறைந்துவிட்டதால், பழைய கணக்கை வைத்திருக்கும் குடும்பத்தினராலேயே அதைப் படிக்க இயலாத நிலை பல வீடுகளில் உண்டு.

இந்தக் காகிதங்கள் அனைத்துக்கும் காவலர் கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை. அப்பதவி பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல் முதலிய ஊர்க் கணக்குகள் பல ஊர்களில் அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. ஆண்டுதோறும் ஜமாபந்தியின்போது அவை வட்டத் தலைமையிடத்துக்கு வரும், தணிக்கையாகும், திரும்பும். ஜூலை முதல் தேதி தொடங்கும் பசலி ஆண்டு அவற்றின் காலக்கணக்கு. எந்தப் புலத்தில் யார் பயிரிட்டார் என்று அடங்கலில் எழுதும் அதிகாரம் ஒரு தனிமனிதரிடம் இருந்தது. அவர் பெரும்பாலும் நிலவுடைமையாளரின் உறவினராகவோ, அவரை அண்டி வாழ்பவராகவோ இருந்தார். ஆவணம் யார் வீட்டில் இருக்கிறது என்பதே கீழத்தஞ்சையில் ஓர் அதிகாரப் பங்கீடாக இருந்தது.

திருத்துறைப்பூண்டி வட்டம் அன்று மிகப் பெரியது. வேதாரண்யமும் கோடியக்கரையும் அதில் அடங்கியிருந்தன. காவிரி நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. நிலத்தின் பெரும்பகுதி மடங்களிடமும் கோயில்களிடமும் மிராசுதார்களிடமும் இருந்தது. உழுதவரோ ஒரு துண்டுச் சீட்டும் இல்லாத வாய்மொழிக் குத்தகைதாரர், அல்லது பண்ணையாள். குத்தகை நெல்லை அளந்தால் ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆயிரமாண்டு ஆவணப் பழக்கமுள்ள நாட்டில், மண்ணில் கால்வைத்தவரின் பெயர் மட்டும் கணக்கில் ஏறாமலே இருந்தது.

1940களில் பி. சீனிவாசராவ், களப்பாள் குப்பு முதலியோரின் தலைமையில் இங்கே விவசாயிகள் இயக்கம் எழுந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்த கதையாகவே அது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அது எழுத்துக்கான போராட்டமாகவும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. களப்பாள், மன்னார்குடி, மாயவரம் ஆகிய ஊர்களில் அந்தப் பத்தாண்டில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள், அதுவரை வழக்கமாக மட்டுமே இருந்த உறவைக் காகிதத்தில் எழுதவைத்தன. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, பிறகு முழுச் சட்டமாக்கிய தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அதன் அடுத்த படி. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்களை அது கட்டுப்படுத்தியது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாய வாரச் சட்டமும் வந்தன.

சட்டங்கள் வந்தன. ஆனால் அவற்றைக் கொண்டு நீதிமன்றம் சென்ற குத்தகைதாரரிடம், தான் குத்தகைதாரர்தான் என்று காட்ட எதுவும் இல்லை. நிலவுடைமையாளர், இவர் என் கூலியாள், இவரை நான் கண்டதே இல்லை என்று சொல்ல முடிந்தது. அடங்கலோ கர்ணத்தின் கையில். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1969ஆம் ஆண்டின் வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. ஊர்தோறும் விசாரித்து, எந்தப் புல எண்ணில் யார் குத்தகைதாரர் என்று ஒரு பதிவேடு தயாரிக்கும்படி அச்சட்டம் பணித்தது. இரண்டாண்டு கழித்து, 1971இல், குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையின் உரிமையை அது அளித்தது.

இந்த இரண்டு சட்டங்களும் உண்டாக்கிய காகிதங்களை வரலாற்று நோக்கில் பார்க்கவேண்டும். கீழத்தஞ்சையின் எத்தனையோ தலித் குடும்பங்களுக்கு, அரசின் நிலக் கணக்கில் தங்கள் முன்னோரின் பெயர் முதன்முதலாக ஏறிய இடம் இவைதான். ராஜராஜனின் செப்பேடு பொறுப்பதிகாரிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. உழுதவன் பெயரை எழுத ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அதற்குப் பிறகு காகிதங்களே இடம்பெயரத் தொடங்கின. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று எல்லோரும் அழைக்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அந்த வேலையின் நடுவிலேயே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் கர்ணம், மணியம் உள்ளிட்ட பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1982இல் ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அவர்களிடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒரு சாதிக்கும் குடும்பத்துக்கும் உரியதாக இருந்த கணக்கு, தேர்வெழுதி வந்தவர் கைக்கு மாறியது பெரிய சமூக மாற்றம். ஆயினும் புலத்தையும் அதன் சரித்திரத்தையும் நினைவில் வைத்திருந்தவர் போய், ஏட்டை மட்டும் வைத்திருப்பவர் வந்தார். அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட கணக்குகளின் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் வருவாய்க் கோட்டங்களில் இன்றும் வந்துகொண்டிருப்பதை நிலம் வைத்திருக்கும் எவரும் அறிவர்.

திருத்துறைப்பூண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1991 வரை அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. 1997 ஜனவரி முதல் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய வட்டத்தின் வேதாரண்யப் பகுதி நாகப்பட்டினத்திலேயே தங்கிவிட்டது. ஆறாண்டுக்குள் மூன்று ஆட்சியரகங்கள். ஒரு குடும்பத்தின் வழக்கைத் தேடுகிறவர் எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்று முதலில் கணக்குப் போட்டுக்கொண்ட பிறகே பேருந்து ஏறவேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் கணினி வந்தது. நிலப்பதிவுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 1988-89இல் தொடங்கியது. தமிழகத்தில் அது 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளாக உருக்கொண்டது. 2008இல் தேசிய நிலப்பதிவு நவீனமயமாக்கல் திட்டமும், 2016 முதல் அதன் புதிய வடிவமும் வந்தன. பத்திரப் பதிவுத் துறை 2000இல் 'ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கிப் பத்திரங்களை வருடி எடுக்கலாயிற்று. 2018 பிப்ரவரியில் அதன் இரண்டாம் வடிவம் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூனில் இந்து சமய அறநிலையத் துறை, தன் கோயில்களுக்குரிய ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கரில் 3.43 லட்சம் ஏக்கருக்கான ஆவணங்களைத் தமிழ்நிலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து இணையத்தில் இட்டது. கோயில் நிலம் மிகுந்த கீழத்தஞ்சையில் இது சிறிய செய்தி அல்ல.

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, ஏட்டிலுள்ளதைப் படித்துக் கட்டங்களில் தட்டச்சு செய்வது. மற்றது, ஏட்டின் பக்கத்தையே படமாக எடுப்பது. பொதுமக்கள் பேச்சில் இரண்டுக்கும் 'கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்' என்ற ஒரே சொல்தான். உண்மையில் முன்னது புதிய ஆவணம். பின்னது பழைய ஆவணத்தின் நிழல். தட்டச்சுக்குக் கட்டத்தில் அடங்குவது மட்டும் போதும். பட்டா எண், புல எண், பரப்பு, தீர்வை, உடைமையாளர் பெயர். கட்டத்தில் அடங்காதது வெளியே நின்றுவிடும். இன்று இணையத்தில் பட்டா எண்ணையோ புல எண்ணையோ இட்டுப் பார்க்கும் ஒருவருக்குக் கிடைப்பது உடைமையாளரின் பெயர். அந்த நிலத்தை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழும் குடும்பத்தின் பெயர் அந்தத் திரையில் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேடு வேறு, சிட்டா வேறு. சட்டப்படி இரண்டும் உண்டு. கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். கணினி இந்த வேற்றுமையை உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததை வெளிச்சத்தில் நிறுத்தி, இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது.

அண்டை மாநிலமான கர்நாடகம் 2000களின் தொடக்கத்தில் 'பூமி' திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு கோடி நிலப்பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கையால் எழுதிய சான்றுகள் இனிச் செல்லாது என்று அறிவித்தது. லஞ்சம் குறைந்தது என்று பாராட்டியவர்களும் உண்டு. ஊர்க் கணக்கரோடு பேசிச் சரிசெய்துகொள்ளும் நெகிழ்வை ஏழைகள் இழந்தார்கள், பெருநிலம் வாங்குவோர்க்கே வசதியாயிற்று என்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. கையெழுத்துப் பிரதி செல்லாது என்று சொல்லும் நாளில், அதில் மட்டுமே இருந்த செய்தியும் செல்லாமல் போகிறது.

படமெடுக்கும் முறையின் சிறப்பு இங்கேதான் விளங்கும். பழைய ஊர்க்கணக்கின் ஒரு பக்கத்தில் பத்திகளுக்கு வெளியேதான் பாதி வரலாறு இருக்கும். ஒரு பெயர் அடிக்கப்பட்டு மேலே இன்னொன்று எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில் உத்தரவு எண்ணும் தேதியும் சுருக்கொப்பமும் இருக்கும். மை நிறம் மாறியிருக்கும். தணிக்கை செய்தவரின் சிவப்பு மைத் திருத்தம் இருக்கும். பெயர் எப்போது, யாரால், எந்த ஆணையின்பேரில் மாறியது என்பதை இவை சொல்லும். செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும். தையல் பிரிக்காமல் அவசரமாக எடுத்தால் உள்மடிப்பில் உள்ள எழுத்து விழுங்கப்படும். வெற்றுப் பக்கம் என்று தவிர்த்த பக்கத்தின் பின்புறத்தில் ஒரு முத்திரை இருந்திருக்கலாம். அதனால்தான் ஆவணக் காப்பகத்தார், வண்ணத்தில், போதிய நுணுக்கத்துடன், அட்டை முதல் அட்டை வரை எடு என்று வலியுறுத்துகிறார்கள்.

படம் எடுத்த பிறகே கடினமான பணி தொடங்குகிறது. பத்தாயிரம் படங்களுக்கு எண் மட்டும் இருந்தால் அது மோடி மூட்டைக்குச் சமம். இது எந்த ஊர், எந்தப் பசலி, எந்தக் கணக்கு, எந்தப் புலங்கள் என்ற அட்டவணை வேண்டும். அதைத் தயாரிக்க ஊர்ப்பெயரின் பழைய வடிவமும், பைமாஷ் எண்ணுக்கும் புல எண்ணுக்கும் உள்ள தொடர்பும், தமிழ் எண்களும் தெரிந்தவர் வேண்டும். வருடும் இயந்திரத்தை ஒப்பந்தத்தில் வாங்கிவிடலாம். இந்த அறிவு ஓய்வுபெற்ற சில அலுவலர்களிடமும், பழைய கணக்குப்பிள்ளைக் குடும்பங்களின் முதியவர்களிடமும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்றுக்கு ஒரு மின்னாவணத் தொகுப்பை உருவாக்க முனைந்தது முன்மாதிரியான செயல். இத்திட்டத்தில் மூலத்தை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதில்லை. படம் மட்டும் நூலகத்துக்கு, ஒரு படி உள்நாட்டு நிறுவனத்துக்கு. லெய்டன் செப்பேட்டின் காலத்திலிருந்து இது நல்ல முன்னேற்றம். ஆனால் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் மின்சேகரங்கள் மாதக்கணக்கில் யாருக்கும் எட்டாமல் போயின. உலகின் பெரிய நூலகங்களுள் ஒன்றுக்கே அந்த நிலை. அந்த நாட்களில் உள்ளூரில் இருந்த படியும், அதைவிட உள்ளே பெட்டியில் இருந்த காகிதமும்தான் துணை.

காகிதத்துக்கு ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. 1952, 1977 நவம்பர்களின் புயல்களையும், 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜாவையும் கண்ட மண் இது. கூரை பறந்த வீடுகளில் பட்டாவும் குடியிருப்புச் சான்றும் நனைந்து கூழாயின. ஈரக்காற்றும் கரையானும் ஓய்வதில்லை. எனவே படமெடுப்பது கட்டாயம். ஆனால் படமெடுத்தாகிவிட்டது என்று காரணம் காட்டிக் காகிதத்தைக் கழிப்பது வேறு. நீதிமன்றமும் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. முறையான காவலிலிருந்து வரும் முப்பதாண்டுப் பழைய ஆவணத்துக்குச் சான்றுச் சட்டம் ஓர் அனுமானத்தின் பலத்தை அளிக்கிறது. மின்படிவத்தை முன்வைப்பவரோ, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, அது எந்தக் கணினியிலிருந்து எப்படி வந்தது என்று சான்றிதழ் தரவேண்டும். மூலம் இருக்கும்வரை படம் அதற்குத் துணை. மூலம் போனபின் படம் தன்னை நிரூபிக்க வழி தேடும்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தம் வாழ்நாளில் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் விதை வாங்கியவர், விளைவித்த பின் வாங்கியதைப்போல் இருமடங்கு திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. விதையைக் குதிரில் பூட்டிவைத்தால் சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். ஆண்டுதோறும் பலர் வயலில் விதைத்தால்தான் அது பிழைக்கும். மின்னாவணமும் அந்த இனம்தான். வட்டு கெடும், கோப்பு வடிவம் பழையதாகும், மென்பொருள் ஒப்பந்தம் முடியும். சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய கலத்துக்கு மாற்றி, பல இடங்களில் படி வைத்தால்தான் அது நிற்கும். ஓரிடத்தில் ஒருவரிடம் மட்டும் இருப்பது, கர்ணத்தின் பெட்டி வேறு உருவில் திரும்பி வந்ததாகவே முடியும்.

எனவே எந்தக் கட்டை முதலில் படமெடுப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி அன்று. உடைமையாளரின் ஆவணத்துக்கு வங்கி, பத்திரப் பதிவு, வழக்கறிஞர் என்று பல காவலர்கள் உண்டு. அதன் படி பல இடங்களில் இருக்கும். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கும், அதற்காக அன்று நடந்த விசாரணைக் கோப்புகளுக்கும், 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு ஆவணங்களுக்கும் அத்தகைய காவலர்கள் இல்லை. வட்டமும் மாவட்டமும் பிரிந்து பிரிந்து அவை சிதறியிருக்கவும் கூடும். அவற்றைத் தேடிச் சேர்த்து, வண்ணத்தில் படமெடுத்து, ஊர்வாரியாக அட்டவணையிட்டு, ஒரு படியை அந்தந்த ஊராட்சியிலேயே மக்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும். பட்டாவைக் காட்டும் அதே திரையில் குத்தகைப் பதிவும் தெரியவேண்டும். நெடுங்காலம் காத்திருந்து வரியில் ஏறிய பெயர், அடுத்த பெயர்ச்சியில் விடுபட்டுப் போகக் கூடாது.